மண்ணின் மரம் எது?

மரம் நடுக என்னும் முழக்கம் இன்று எங்கும் கேட்கின்றது. நடப்படுவது எம்மரம், அதன் விதை எவ்விடத்தில் விளைந்தது, அவ்விதைக்கும் நடப்படும் நிலத்துக்கும் என்ன உறவு என்னும் வினாக்களை எழுப்புவார் மட்டும் அரியர். பச்சையாக இருந்தாற் போதும் என்பது பலர் கொள்கை. பச்சை பூசிய தகரமும் பச்சையாகத்தான் இருக்கும்.

இவ்வறியாமை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. யூகலிப்டசு மரங்களின் தாயகமாகிய ஆத்திரேலியாவிலேயே 'நாட்டு மரம்' என்னும் சீட்டைக் கட்டி எதையும் விற்கலாம் என்னும் நிலை உள்ளது. யூகலிப்டசில் 700க்கு மேற்பட்ட இனங்கள் உள. மேற்குக் கரையின் வறண்ட மணற்காட்டில் வளர்வதும் யூகலிப்டசே. தென்கிழக்கே கடல் கடந்து கிடக்கும் தாசுமேனியத் தீவின் பனிமேட்டில் நிற்பதும் யூகலிப்டசே. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். இரண்டும் 'ஆத்திரேலிய நாட்டு மரங்கள்' என்று ஒரே கடையில் ஒரே சீட்டுடன் விலைபோகின்றன. வாங்கிச் சென்றவர் நடுகிறார். முதற் கூதிரில் வந்த உறைபனி அதனைக் கருக்குகின்றது. உடனே "நாட்டு மரமும் தாங்கவில்லை" என்று முடிவு கட்டிவிட்டு, ஐரோப்பிய மரமொன்றைத் தேடிப் போகின்றார். பிழை மரத்தினதா, சீட்டினதா?

நாட்டெல்லை என்பது மாந்தர் வரைந்த கோடு. அக்கோட்டை மரம் அறியாது. மரம் அறிவது தன் வேருக்குக் கீழுள்ள மண்ணையும், தன் தலைக்கு மேலுள்ள காற்றையும், தன் தாயும் தாயின் தாயும் பட்ட பனியையுமே. ஆகவே மண்ணின் மரம் என்பதற்கு நாட்டின் மரம் என்று பொருள் கொள்ளுதல் போதாது. இன்ன மலையின், இன்ன பள்ளத்தின் மரம் என்று பொருள் கொள்ளுதல் வேண்டும். இதனை விளக்குதற்குத் தாசுமேனியத்து நடுமேட்டு நிலத்தின் மரமொன்றினும் சிறந்த சான்று இல்லை.

அந்நடுமேடு கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டர் அளவிலான உயரத்தில் ஏரிகளும் புல்வெளிகளும் பரந்து கிடக்கும் நிலம். அதன்கண் உள்ள பேரேரிக் கரையில் இலியாவெனீ என்னும் சிற்றூர் உள்ளது. 2020 ஆகத்து 7ஆம் நாள் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 14.2 பாகை வரை இறங்கியது. தாசுமேனியாவில் அதுகாறும் பதிவான கடுங்குளிர் அதுவே.

குளிர் எங்கே கொடிது என்று கேட்டால், மலையுச்சியில் என்றே எவரும் விடையிறுப்பர். அமைதியான பனியிரவுகளில் அவ்விடை பிழையாகும். குளிர்ந்த காற்று கனமுடையது. அது நீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் மரம் நிற்க, பள்ளத்தில் புல் மட்டுமே நிற்கும் விந்தையை அந்நிலத்திற் காணலாம். மலையேற ஏற மரம் அருகும் என்பதே பொதுநெறி; ஈண்டோ இறங்க இறங்க மரம் அருகும். உதகையின் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படர, அருகிலுள்ள சரிவு தப்பி நிற்பதைக் கண்டார்க்கு இது புதிதன்று. இத்தகைய உறைபனிக் குழிகளின் விளிம்பில், பிற மரங்கள் நிற்க அஞ்சும் இடத்தில், தழைத்து நிற்பதே நாம் கூறவந்த மரம். யூகலிப்டசுகளுள் உறைபனியை மிகுதியும் தாங்குவனவற்றுள் இது தலையாயது.

அதன் அறிவியற் பெயர் யூகலிப்டசு கன்னீ என்பது. கன் என்பது ஓர் ஆளின் பெயர். இரொனால்டு காம்பெல் கன் என்பார் 1830இல் தாசுமேனியாவிற்கு வந்தவர். கைதிகளை மேற்பார்க்கும் அலுவல் பார்த்தவர். ஓய்ந்த போழ்தெல்லாம் செடிகொடிகளைத் திரட்டி இங்கிலாந்துக்கு விடுத்தவர். சோசப்பு தால்டன் ஊக்கர் என்னும் நிலைத்திணை அறிஞர் 1844இல் அவர் பெயரையே மரத்திற்குச் சூட்டினார். கன் உழைப்பாளர், அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயின் அவர் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அம்மரத்தை அறிந்தவர்கள் அம்மேட்டில் வாழ்ந்தார்கள். இளவேனிலும் கோடையும் வரும்போது மரத்தின் அடியிற் குழித்து, வழிந்த இன்சாற்றைத் தேக்கி அருந்தினார்கள். நம் பனையின் பதநீர் எவ்வாறு தானே புளித்துக் கள்ளாகின்றதோ, அவ்வாறே அச்சாறும் மரத்திலேயே புளித்து மயக்கந் தரும் நறவாயிற்று. 1830களின் தொடக்கத்தில் அத்தீவில் அலைந்து திரிந்த சியார்சு அகசுதசு இராபின்சன் என்னும் வெள்ளையர் தம் நாட்குறிப்பில் இதனை எழுதி வைத்துள்ளார். வேயலினா என்று இன்று அந்நறவைக் குறிக்கின்றனர். அடிலெயிடு பல்கலைக்கழகத்தார் அச்சாற்றில் வாழும் நொதியங்களை ஆராய்ந்து 2020இல் ஆய்வுரை வெளியிட்டனர். ஆங்கிலக் குடியேறிகளோ தம் நாட்டு ஆப்பிள் நறவாகிய சைடரை நினைந்து, 'சைடர் கம்' என்றனர். ஒருவர்க்கு ஆள்பெயர் தோன்றிற்று. மற்றவர்க்குத் தம்மூர்க் குடிப்பு தோன்றிற்று. மரத்தோடு வாழ்ந்தவர் அதனை எவ்வாறு அழைத்தனர் என்று கேட்டு எழுதுதல் வேண்டும் என்பது இருவர்க்கும் தோன்றவில்லை.

தாசுமேனிய முதற்குடிகள் வேட்டையாடப்பட்டும் நாடுகடத்தப்பட்டும் நோயுற்றும் அழிந்தமை உலகறிந்த கொடுமை. அவர்தம் மொழிகளும் உடன் அழிந்தன. பேனி கோக்கிரேன் சுமித்து என்னும் முதுமகள் 1899இலும் 1903இலும் மெழுகுருளைகளிற் பாடி வைத்த பாட்டுகள் எஞ்சின. வெள்ளையர் எழுதி வைத்த சொற்பட்டிகள் எஞ்சின. அவ்வெச்சங்களைக் கொண்டு அக்குடிகளின் கால்வழியினர் 1990கள் தொட்டுப் பலவா கானி என்னும் மொழியைத் திரட்டி எழுப்பி வருகின்றனர். ஓபார்ட்டு நகரின் மேல் எழுந்து நிற்கும் வெல்லிங்டன் மலைக்குக் குனான்யி என்னும் பெயரும் 2013இல் அரசேற்புப் பெற்றது. மலைக்கு மீண்ட பெயர் ஒருநாள் மரத்திற்கும் மீளக்கூடும். அதுகாறும் இக்கட்டுரையில் இதனைக் கள்மரம் என்றே குறிப்போம். புணர்ச்சி நோக்கிக் கண்மரம் என்றெழுதின் கண்ணென மயங்கும் ஆதலின், பிரித்தே எழுதுகின்றோம், இலக்கணவல்லார் பொறுத்தருள்க.

இனி அடையாளம். யூகலிப்டசு என்னும் கிரேக்கச் சொற்கு நன்கு மூடப்பட்டது என்பது பொருள். மொட்டின் தலையில் இதழ்கள் ஒன்றிக் குல்லாய் போன்ற மூடியாகி நிற்கும்; மலருங்கால் அம்மூடி கழன்று விழ, உள்ளிருந்து தாதிழைகள் விரியும். புரூனித் தீவிற் குக்குவின் மூன்றாம் பயணத்தார் 1777இல் கொய்து சென்ற கிளையை ஆய்ந்த பிரஞ்சு அறிஞர் எரித்தியர், இம்மூடியைக் கண்டே அப்பெயரிட்டார். இனங்காண விழைவார் தொடங்க வேண்டிய இடமும் அம்மொட்டே. இலையைக் கொண்டு இனம் துணிவாரே பெரும்பாலும் ஏமாறுவர். ஒரே மரத்தில் இளவிலை ஒருவகையாகவும் முதிர்விலை வேறுவகையாகவும் இருக்கும். கள்மரத்தின் இளவிலைகள் காம்பின்றி, எதிரெதிர் இணையாக, வட்டமாக, வெண்ணீறு பூசியன போன்ற வெண்ணீல நிறத்தன. முதிர்விலைகளோ காம்புடன், மாறிமாறி அமைந்து, நீண்டு கூர்த்தன. இவ்விரண்டையும் தனித்தனியே காட்டினால் இருவேறு மரங்கள் என்றே சொல்லத் தோன்றும்.

மொட்டுகளை எண்ணுக. கள்மரத்தின் மொட்டுகள் மும்மூன்றாக நிற்கும். அம்மேட்டு நிலத்திலேயே வளரும் உரோடுவேய் யூகலிப்டசும் பனிக்குழியை விரும்புவதே. ஆயின் அதன் மொட்டுகள் ஏழும் அதற்கு மேலுமாகத் திரண்டிருக்கும். பட்டையும் நாருடன் கரடாக ஒட்டியிருக்கும். கள்மரப் பட்டை உரிந்து வீழ, வெண்மையும் வெளிர்சிவப்பும் சாம்பலும் கலந்த வழுவழுப்பான தண்டு வெளிப்படும். பனிமரம் என்று பெயர்பெற்ற பாசிபுளோரா இனத்தின் இலையிற் பெருநரம்புகள் அடியிலிருந்து நுனிவரை ஒன்றற்கொன்று ஒட்டி நேராக ஓடும், மொட்டுகளும் பல. தாசுமேனியாவிற்கே உரிய காக்சிபெரா இனத்திற்கும் மும்மொட்டுகள் உண்டு; அங்குதான் புதியவர் இடறுவர். அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் புதினாவின் மணம் வரும். இலைநுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். தாழிக்காய் மரம் எனத் தமிழிற் சொல்லத்தக்க அர்னிசெரா இனத்தின் காய் கழுத்து ஒடுங்கிய தாழி போன்றது. கள்மரக் காயோ கிண்ணம் போலவும் பீப்பாய் போலவும் இருக்கும். ஆகவே மொட்டு, காய், இளவிலை, முதிர்விலை, பட்டை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கு நோக்காமல் பெயர் சொல்லுதல் கூடாது. மரத்தடியிற் கிடக்கும் காயைப் பொறுக்குதலும் கூடாது. அது பக்கத்து மரத்தினதாகவும் இருக்கலாம்.

கள்மரத்திலும் ஒரு துணையினம் உண்டு. அது பேரேரியின் தென்கரையிலும் கீழ்க்கரையிலும் அவற்றின் அண்டைப் பகுதிகளிலும் மட்டுமே வாழ்வது. அங்குள்ள மியேனா என்னும் ஊரின் பெயரால் மியேனாக் கள்மரம் எனப்படும். மொட்டும் காயும் வெண்பூச்சு மிக்கன. முதிர்ந்த மரத்தின் தலையிலும் இளவிலை நின்று மரமே வெள்ளி வார்த்தாற் போல் தோன்றும். முன்னர் இதனைத் தனியினமாகவே கொண்டிருந்தனர். இன்று இதுதான் அழிவின் விளிம்பில் நிற்பது. ஆத்திரேலிய நடுவணரசின் 1999ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலிலும் இது அழிவுறுவனவற்றுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. 1990கள் தொட்டு வறட்சி வந்து வந்து தாக்க, பெருமரங்கள் தலையிலிருந்து காய்ந்து நின்றபடியே பட்டன. தளர்ந்த மரம் விட்ட தளிரைப் போசம் என்னும் மரவாழ் விலங்கு கறித்துத் தின்றது. முளைத்த கன்றை ஆடும் மானும் வாலபியும் தின்றன. இவற்றுள் ஆடும் மானும் வெள்ளையர் கொணர்ந்தவை. 2019இன் தொடக்கத்தில் இடியால் மூண்ட பெருந்தீ அம்மேட்டுநிலத்தையும் எரித்தது. விலங்கு ஏறாதவாறு மரத்தண்டுகளில் தகட்டு வளையம் பூட்டிக் காக்கவேண்டிய நிலை வந்துவிட்டது.

இதில் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. கள்மரம் ஐரோப்பாவில் அருகிய மரமன்று. இங்கிலாந்தின் தோட்டங்களில் பலர் அதனை வளர்க்கின்றனர். ஆண்டுதோறும் தலையை வெட்டி, முதிர விடாமல் என்றும் இளமரமாகவே நிறுத்தி, அவ்வெண்ணீல வட்ட இலைகளைப் பூக்கடைகளிற் பூச்செண்டுக்குத் தழையாக விற்கின்றனர். தென்பிரான்சில் தாள்கூழுக்கெனத் தோப்புத் தோப்பாக யூகலிப்டசு நட்டு, 1985 சனவரியின் கொடும்பனியிற் பெருமளவும் பறிகொடுத்தனர். பின்னரும் பனிதாங்கும் கள்மரத்தையும் அதன் கலப்பினங்களையும் நாடினர். அயலகத்திற் கள்மரம் பல்லாயிரம். ஆகவே அது அழியாது என்று தேறுதல் கூறுவாரும் உளர். பூச்செண்டின் தழையைக் காட்டி மியேனாவின் காடு வாழ்கின்றது என்பது, கண்காட்சிக் கூடத்து யாழைக் காட்டிப் பண் வாழ்கின்றது என்பதனோடு ஒக்கும்.

இனி விதை. காய் முற்றப் பூத்தபின் ஓராண்டளவோ மேலுமோ ஆகும். பச்சைக்காய் பயன்படாது, பழுப்பேறிக் கெட்டிப்பட்டு, வாய் இன்னும் திறவாத காயே கொய்தற்குரியது. தாள் பையில் இட்டு உலர்ந்த வெதுவெதுப்பான இடத்தில் வைத்தாற் சின்னாளில் காயின் தலையிலுள்ள சிறு அடைப்புகள் விரிந்து உள்ளிருப்பவை கொட்டும். நெகிழிப் பையில் இட்டால் வேர்த்துப் பூசணம் பூக்கும். கொட்டுவன எல்லாம் விதையல்ல. கருத்தரியாத பதரே மிகுதி. அது சிறுத்துச் செந்நிறமாக இருக்கும். அதனிடையே கருத்துப் பருத்த மணிகளே விதை. இரண்டும் மிகச் சிறியன ஆதலின் பிரித்தெடுப்பது கடினம். பதரோடு சேர்த்தே விதைப்பர்.

மலைமேட்டு யூகலிப்டசுகளின் விதைக்கு ஒரு தன்மை உண்டு. ஈரத்தோடு கூடிய குளிரை முன்னர்ப் பட்டாலன்றி அவற்றுட் பல செவ்வையாக முளைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் விழுந்த விதை உடனே முளைத்தால் அடுத்துவரும் பனியில் மடியும். ஆகவே ஒரு கூதிர் கழிந்தது என்று தனக்கு உறுதியான பின்னரே அது கண்விழிக்கும். இதனை அறியாதார் வெந்நீரில் ஊற வைத்தும் வெயிலில் வைத்தும் பார்த்துவிட்டு, விதை பழுது என்று எறிவர். செய்யவேண்டுவது எளிது: விதையை ஈரமணலிற் கலந்து, குளிர்ப்பெட்டியில் ஏறத்தாழ 4 பாகைக் குளிரில், நான்கு முதல் ஆறு கிழமை வைத்தல். பின்னர் இளவேனில் தொடக்கத்தில், நீர் நன்கு வடியும் மணற்பாங்கான கலவையின் மேற்பரப்பில் தூவி, விதை மறையும் அளவே மெல்லிய மணல் இடுதல். புதைத்தால் வாராது. மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். தொட்டியை நீர்த்தட்டில் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்சவிடல் நன்று. நாற்றின் தாளழுகல் நோய்க்குக் காற்றோட்டமே மருந்து.

வித்திலைக்கு மேல் ஓரிரண்டு இணை இலை வந்தவுடன் பிரித்து நடவேண்டும். யூகலிப்டசின் வேர் விரைந்து கீழிறங்கும். தொட்டியின் அடி தட்டியவுடன் வளைந்து சுருளும். சுருண்ட வேர் பின்னர் நேராவதில்லை. பத்தாண்டு கழித்துப் பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும்போதே அதன் கேடு தெரியும். அடி திறந்த, ஆழமான, உட்பக்கம் வரிவிட்ட குழல்களே ஏற்றன. உயர்ந்து வளர்ந்த கன்றைப் பெருவிலை கொடுத்து வாங்குவார் வேருக்கன்று, தம் கண்ணுக்கே விலை கொடுக்கின்றார். ஒரு சாணளவு கன்று ஆறடிக் கன்றைச் சில ஆண்டுகளில் முந்திவிடும்.

பனிதாங்கும் ஆற்றல் விதையிலேயே முற்றாக அமைந்து கிடப்பதன்று. கூதிருக்கு முன்னே இரவு படிப்படியாகக் குளிரக் குளிர, இலையும் தண்டும் தம்மைத் தாமே உரமேற்றிக் கொள்கின்றன. கண்ணாடி மனையில் வெதுவெதுப்பில் வைத்திருந்த கன்றைத் திடீரெனப் பனியில் இட்டால், பனிக்குழியின் பிள்ளையே ஆயினும் கருகும். கோடைக் கடைசியில் உப்புரம் மிகுதியாக இட்டுக் கொழுக்க வைத்த கன்றுக்கும் அதுவே கதி. இன்னொன்று: உறைபனியினும் கொடியது உறைபனிக்குப் பின்வரும் காலை வெயில். பனிமரக் கன்றுகளை ஆய்ந்த ஆத்திரேலிய ஆய்வாளர்கள், அவை தாய்மரத்தின் தென்புறத்தில், அதாவது அந்நிலவுருண்டைப் பாதியின் நிழற்புறத்தில், மிகுதியும் பிழைத்திருக்கக் கண்டனர். குளிர்ந்து விறைத்த இலை மேல் ஒளி பாய்ந்தால் இலையின் பசுமைத் தொழில் சிதைகின்றது. கன்றைச் சூழ்ந்த புல்லும் பகைதான். நிலத்தின் வெப்பம் இரவில் மேலெழாமல் அது தடுக்கின்றது. எனவே புல்லைச் செதுக்கி, காலை வெயிலுக்கு மறைப்புக் கட்டி, விலங்குக்குக் கூண்டு கட்டி நடவேண்டும். பனிக்குழியில் குளிர் தரையோடு தரையாகத் தேங்குதலின், மரத்தின் வாழ்வில் கொடிய தேர்வு கன்றாக நிற்கும் முதல் மூன்று கூதிர்களே. தலை நிமிர்ந்த பின் அதற்கு அச்சமில்லை.

விதை எங்கிருந்து எடுப்பது என்பதே இனி எஞ்சிய வழக்கு. எல்லாவற்றினும் பெரிய வழக்கும் அதுவே. குனான்யி மலையில் தாழிக்காய் மரத்தைப் பார்பர், சாக்சன் என்னும் இருவர் ஆய்ந்து 1957இல் வெளியிட்ட செய்தி இதற்குத் துணைநிற்கும். ஒரே மலை, ஒரே இனம், கீழே நிற்கும் மரத்தின் இலை பச்சை, மேலே நிற்கும் மரத்தின் இலை வெண்ணீலம். இடைப்பட்ட உயரத்தில் இரண்டும் கலந்த நிலை. வெண்பூச்சுள்ள இலையில் நீர் ஒட்டாது உருண்டோடுதலின் பனிக்கட்டி எளிதிற் பிடிப்பதில்லை என்று பார்பரும் மற்றொருவரும் 1974இற் காட்டினர். ஒரு மலையின் மேலும் கீழுமே இத்துணை வேறுபாடு எனின், 'கள்மர விதை' என்று மட்டும் எழுதிய பொட்டலத்தை வாங்கி மியேனாவில் தூவுவது என்ன அறிவுடைமை?

பக்கத்தில் நிற்கும் ஒரு மரத்தில் விதை கொய்தால் போதும் என்று கருதுவாரும் பிழைபடுவர். கூட்டம் அழிந்து தனித்து நின்ற மரம் தன் பூந்தாதைத் தானே ஏற்கும். அவ்வாறு பிறந்த நாற்று நலிந்து நிற்கும். அன்றேல் அண்டையில் மிகுந்து நிற்கும் வேறினத்தின் தாதை ஏற்றுக் கலப்பினம் ஈனும். தாயைப் பார்த்து விதை எடுத்தேன் என்று சொல்வது பாதி உண்மையே. தந்தை யாரென்று தாய்மரத்தின் பட்டையில் எழுதியிருப்பதில்லை. ஆகவே திரளாக நிற்கும் கூட்டத்தில், ஒன்றற்கொன்று எட்டி நிற்கும் பல மரங்களிற் கொய்து, நாற்றங்காலில் இலையும் நிறமும் மாறுபட்டவற்றைக் களைந்து நடுதல் வேண்டும்.

உலகு வெப்பமடைகின்றது, ஆகவே வெப்பமும் வறட்சியும் மிக்க வேற்றிடங்களின் விதையையும் கலந்து நடுக என்று அறிவியலாருள் ஒரு சாரார் கூறுகின்றனர். இது புறந்தள்ளத்தக்க கூற்றன்று. நேற்றைய பனிக்குழி நாளையும் பனிக்குழியாகவே இருக்கும் என்பதற்கு எவரும் பிணைநிற்க இயலாது. ஆயினும் எஞ்சிய சில கூட்டங்களுக்கு நடுவே வேற்றிடத்து விதையைத் தூவிவிட்டாற் பின்னர் எது எதுவென்று பிரித்தல் ஒருவராலும் ஆகாது. செய்த பிழையைத் திருத்தவும் வழியிராது. வேற்றிடத்து விதையைத் தேர்ந்து பார்ப்பதற்குத் தனி வயல் உண்டு, தனி வேலி உண்டு. அங்கு நட்டு முப்பதாண்டு நோக்குக. மியேனாவின் கரைகளில் மியேனாக் கூட்டங்களின் விதைகளையே, ஒரு கரைக்கு மறுகரை துணையாக, முதலிற் கலந்து நடுக. இதுவே நம் கருத்து.

நம் நீலமலையிற் பரந்து நிற்கும் தைலமரம் யாது? அதுவும் யூகலிப்டசே, குளோபுலசு என்னும் இனம், அதுவும் தாசுமேனியாவின் மரமே. 1962 முதல் அத்தீவின் அரசுப் பூவும் அதுவே. 1843இல் விறகுக்கென வெள்ளையர் இங்குக் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் அம்மரம், நம் சோலைக்காட்டையும் புல்வெளியையும் தின்று மலைமேல் மலையாக வளர்ந்து நிற்கின்றது. தாயகத்தில் தேனும் நிழலும் தரும் அது, இங்கே ஊற்றை வற்றச் செய்யும் அயலாள். ஒரே தீவின் இரு மரங்கள்: ஒன்று அழைக்காத இடத்தில் ஆள்கின்றது, மற்றொன்று பிறந்த இடத்தில் நிற்கவியலாமல் மாய்கின்றது. எனவே இதனைப் படிக்கும் அன்பர் எவரும் கள்மர விதை வாங்கி உதகையில் ஊன்ற முற்படாதொழிக.

மியேனாவிலோ நிலவுடைமையாளரும் தொண்டர்களும் கூண்டு கட்டி நாற்று நட்டு வருகின்றனர். அழிவுறும் இனமாதலின் அரசின் இசைவின்றி ஒரு காயும் கொய்தல் ஆகாது என்பது சட்டம். அது நல்ல சட்டமே. இசைவு பெற்றுக் கொய்யும் ஒவ்வொரு பையின் மீதும் தாய்மரத்தின் எண், அது நின்ற ஏரிக்கரை, கடல்மட்டத்திலிருந்து உயரம், கொய்த நாள், உடன் நின்ற பிற யூகலிப்டசுகள் எவையெவை என்பனவெல்லாம் எழுதப்படல் வேண்டும். மொட்டும் இருவகை இலையும் உள்ள கிளையொன்றை உலர்த்தி அதே எண்ணுடன் காப்பகத்தில் வைத்தல் வேண்டும். பையின் தலைப்பில் கன் பெயருக்கு மேலே ஒரு வரி வெற்றிடமும் விடுக. அதனை நிரப்பவேண்டியவர்கள் அத்தீவில் இன்றும் இருக்கின்றார்கள்.